காத்திருக்க முடியாததற்கு முதலிடம்

1957-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தைச் சேர்ந்த பிராம் லூப்ஸ்ட்ரா, காரெல் ஸ்கோல்டன் என்ற இரு பொறியாளர்கள் எக்ஸ்1 என்ற புதுக் கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வசதியைச் சேர்க்க அவர்களுக்கு ஆசை. நாடாவைப் படிக்கும் கருவியோ தட்டச்சு இயந்திரமோ கொடுத்த வேலையை முடித்ததும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பாதியில் நிறுத்திக் கணினியைத் தன் பக்கம் கூப்பிடட்டும் என்றார்கள். குறுக்கீடு என்று சொல்வது இதைத்தான். அந்த இயந்திரத்துக்கு அடிப்படை நிரல்களை எழுத வேண்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் பயந்துபோனார். முடிவைத் தள்ளிப்போட என்னென்ன செய்ய முடியுமோ அத்தனையும் செய்ததாகவும், கடைசியில் தன்னைப் புகழ்ந்தே வழிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றும் முதுமையில் அவரே எழுதியிருக்கிறார்.

அவருடைய பயத்தில் நியாயம் இருந்தது. அதுவரை ஒரே நிரலுக்கு ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் ஒரே விடைதான் வரும். தப்பு வந்தாலும் அதே தப்பு அதே இடத்தில் மறுபடி வரும். உட்கார்ந்து தேடிப் பிடித்துவிடலாம். வெளியிலிருந்து ஒரு கருவி நினைத்த நேரத்தில் உள்ளே புகலாம் என்றால் கதை வேறு. இன்று ஐந்நூறாவது கட்டளைக்குப் பின் புகுந்தது நாளை ஐந்நூற்று ஒன்றாவதற்குப் பின் புகும். நூறு முறை ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்வதில் இனி அர்த்தமில்லை. தப்பு வராது என்பதைத் தர்க்கத்தால் நிறுவிக்கொண்டுதான் எழுத வேண்டும். டைக்ஸ்ட்ரா அப்படித்தான் எழுதினார். 1959-இல் அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடானது.

இத்தனை ஆபத்து என்றால் இந்த வசதி எதற்கு? எக்ஸ்1 ஒரு கூட்டலை 64 மைக்ரோவினாடியில் முடித்துவிடும். நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் ஒரு தட்டச்சு இயந்திரம் ஓர் எழுத்தை அடித்து முடிப்பதற்குள் அது ஆயிரத்தைந்நூறு கூட்டல்களைச் செய்துவிடலாம். அதை விட்டுவிட்டு “முடிந்ததா, முடிந்ததா” என்று கேட்டுக்கொண்டே நிற்பது, அன்றைய கணினியின் விலைக்கு, பணத்தை எரிப்பதற்குச் சமம்.

அட்லாண்டிக்குக்கு அப்பால் இந்த எண்ணம் ஏற்கெனவே முளைத்திருந்தது. அமெரிக்கத் தேசிய அளவீட்டு நிறுவனம் ராணுவத்துக்காக டிரெய்லரில் ஏற்றிச் செல்லும்படி கட்டிய டைசியாக் (1954) அடுத்து ஓட வேண்டிய கட்டளையைக் குறிக்கும் நிரல் எண்ணிகள் இரண்டை வைத்திருந்தது. வெளிச் சமிக்ஞை வந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். கிளீவ்லாந்தின் லூயிஸ் ஆய்வகத்தில் யூனிவாக் 1103 வழக்கமான கணக்குகளைப் போட்டுக்கொண்டிருக்கும். காற்றுச் சுரங்கத்தை ஓட்டினால் அதிலிருந்து வரும் அளவுகளுக்காக அந்தக் கணக்குகளை நிறுத்திவிட்டு ஓடும். சுரங்கத்தில் வீசும் காற்றை நிறுத்தி வைக்க முடியாது, கணக்கை முடியும்.

ஒரே ஒரு கருவி கூப்பிடும்வரை இது எளிது. பத்துக் கருவிகள் கூப்பிட்டால்? ஒன்றைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று கூப்பிட்டால்?

இதற்கு முதல் முழுமையான பதில் மாசச்சூசெட்ஸில் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் வந்தது. வெஸ்லி கிளார்க் தலைமையில் உருவாகி 1958-இல் இயங்கத் தொடங்கிய டிஎக்ஸ்-2 கணினியில் 33 கட்டளைத் தொடர்கள் இருந்தன. ஒவ்வொரு தொடருக்கும் தனி நிரல் எண்ணி, வரிசையில் தனி இடம். மேலே உள்ள தொடர் கேட்டால் கீழே ஓடுவது வழிவிடும். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டளையிலும் ஒரு பிட், இந்த இடத்தில் என்னை நிறுத்தலாமா கூடாதா என்று சொல்லும். எந்தக் கணத்தில் வழிவிடுவது என்பதை நிரலாளரே வரிவரியாகக் குறித்துவைக்கலாம். டைக்ஸ்ட்ராவைப் போலவே இவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வரிசையில் யார் மேலே என்பதை எதை வைத்து முடிவு செய்வது? முக்கியத்துவத்தை வைத்து என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். முன்னுரிமை என்ற பேரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வன்பொருள் உலகில் அளவுகோல் வேறு: காத்திருந்தால் எது கெட்டுப்போகும்? சமையலறையில் பால் பொங்குகிறது, வாசலில் மாப்பிள்ளை வீட்டார் அழைப்புமணி அடிக்கிறார்கள் என்றால் முதலில் அடுப்பைத்தான் அணைப்போம். பால் மாப்பிள்ளை வீட்டாரைவிடப் பெரியது என்பதால் அல்ல. சுழலும் காந்த நாடா கணினிக்காக நிற்காது. இந்த எழுத்தை இப்போது எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து அதன்மேல் வந்து விழுந்துவிடும். தட்டச்சு இயந்திரம் எவ்வளவு நேரமானாலும் நிற்கும். அதனால் நாடா மேலே, தட்டச்சு கீழே. இந்த எளிய நியாயம்தான் இந்தக் கதையின் முதுகெலும்பு. பின்னால் வந்த குழப்பங்கள் எல்லாம் இதை மறந்ததாலோ, இதன்மேல் வேறு சுமையை ஏற்றியதாலோ வந்தவை.

ஐபிஎம்மின் 1964 சிஸ்டம்/360 குறுக்கீடுகளை ஐந்து வகையாகப் பிரித்து, எதை எப்போது மறைத்து வைக்கலாம் என்பதற்குத் தனித்தனிப் பிட்டுகளைக் கொடுத்தது. வகைகளுக்குள் முறைவரிசை உண்டு. ஆனால் நாம் இன்று பேசும் எண்ணிட்ட முன்னுரிமைப் படிகள் அங்கிருந்து வரவில்லை. 1970-இல் வந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் பிடிபி-11-இலிருந்து வந்தன.

பிடிபி-11-இன் வடிவம் அழகானது. பிராசசரின் நிலைச்சொல்லில் மூன்று பிட்டுகள், அதாவது 0 முதல் 7 வரை ஓர் எண். அதுவே பிராசசர் இப்போது நிற்கும் படி. கருவிகள் கூப்பிடுவதற்கு 4 முதல் 7 வரை நான்கு கம்பிகள். நிற்கும் படியைவிட உயர்ந்த படியிலிருந்து கூப்பிட்டால் மட்டுமே காதில் விழும். மற்றவை காத்திருக்க வேண்டும். ஒரே படியில் இரண்டு கருவிகள் கூப்பிட்டால் யுனிபஸ் இணைப்பில் பிராசசருக்கு அருகில் செருகப்பட்ட அட்டைக்கு முதல் வாய்ப்பு. எந்த அட்டையை எந்தப் பொந்தில் செருகுகிறோம் என்பதே ஒரு நிர்வாக முடிவு! கூப்பிட்ட கருவி தன் முகவரியைத் தரும். அந்த முகவரியில் இரண்டு சொற்கள் இருக்கும்: எங்கே போக வேண்டும், போகும்போது எந்தப் படியில் நிற்க வேண்டும். இரண்டாவது சொல்லை எழுதுவது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல். எந்தக் கம்பியில் கூப்பிடுவது என்பது கருவியின் பொறுப்பு, எவ்வளவு நேரம் மற்றவர்களை நிறுத்தி வைப்பது என்பது மென்பொருளின் பொறுப்பு. பொறுப்புகளை இவ்வளவு தெளிவாகப் பிரித்த வடிவமைப்பு அதற்குமுன் இல்லை என்பதே என் எண்ணம்.

பெல் ஆய்வகத்தில் யுனிக்ஸ் இயங்குதளம் இந்த இயந்திரத்தில்தான் வளர்ந்தது. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பின் மூலநிரலைத் திறந்தால் இந்த ஏற்பாடு அப்படியே தெரியும்: கன்சோல் தட்டச்சு நான்காம் படி, ஆர்கே டிஸ்க் ஐந்து, கடிகாரம் ஆறு. சிட்னியில் ஜான் லயன்ஸ் தன் மாணவர்களுக்காக அந்த நிரலுக்கு வரிவரியாக எழுதிய உரையை உலகம் முழுக்கக் கணினி மாணவர்கள் திருட்டு நகலாகவே படித்தார்கள். அடுத்த பதிப்பின் உரிம விதிகள் வகுப்பில் மூலநிரலைக் கற்பிப்பதைத் தடைசெய்துவிட்டன. முறைப்படி அச்சானது 1996-இல்தான்.

அந்த நிரலில் ஒரு சிறு இடம். ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், டிஸ்கிலிருந்து ஒரு துண்டு தரவைக் கேட்டிருக்கிறது. வந்துவிட்டதா என்று கொடியைப் பார்க்கிறது, வரவில்லை. சரி, தூங்கலாம் என்று கிளம்புகிறது. பார்த்ததற்கும் தூங்கியதற்கும் நடுவிலுள்ள அந்த நூலிழை இடைவெளியில் டிஸ்க் குறுக்கிட்டு “முடிந்தது, தூங்குபவர்களே எழுங்கள்” என்கிறது. யாரும் தூங்கவில்லை, அழைப்பு வீணாகிறது. அதன்பின் நம் புராசஸ் தூங்கப் போகிறது. எழுப்ப இனி யாரும் வரப்போவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் டைக்ஸ்ட்ராவின் தூக்கத்தைக் கெடுத்தது இந்த வகைப் பிழைதான்.

யுனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் இதற்குக் கண்ட மருந்து ஒரே வரி: எஸ்பிஎல்6. கொடியைப் பார்க்கும் முன் பிராசசரை ஆறாம் படிக்கு ஏற்றிவிடு. வேலை முடிந்ததும் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடு. நடுவில் டிஸ்கின் குரல் காதில் விழாது, இடைவெளியும் இல்லை. அருமையான தந்திரம். ஆனால் இந்த இடத்தில் கதை சத்தமில்லாமல் திரும்பிவிட்டது. கருவிகளில் யார் அவசரம் என்று வரிசைப்படுத்தப் பிறந்த எண், கெர்னலின் தரவுக்குப் போடும் பூட்டாகிவிட்டது. டிஸ்க் ஐந்தாம் படியில் இருக்கும்போது ஆறுக்கு ஏறுவானேன்? பூட்டு என்று வந்துவிட்டால் ஒரு படி கூடுதலாகவே போடத் தோன்றும். அந்த நேரத்தில் ஆறாம் படியிலுள்ள கடிகாரமும் சேர்ந்தே காத்திருக்கிறது.

பெர்க்லி யுனிக்ஸ்காரர்கள் எண்களுக்குப் பதில் பெயர் வைத்தார்கள். டிஸ்க்குக்கு எஸ்பிஎல்பயோ, வலையமைப்புக்கு எஸ்பிஎல்நெட், டெர்மினலுக்கு எஸ்பிஎல்டிடிஒய். எஸ்பிஎல்இம்ப் என்று ஒன்று உண்டு. அர்பாநெட் வலையமைப்பின் ஐஎம்பி இயந்திரங்களிலிருந்து வந்த பெயர். அந்த இயந்திரங்கள் அணைக்கப்பட்டுப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயர் பெர்க்லி வழிவந்த பிஎஸ்டி கெர்னல்களில் வாழ்ந்தது.

கடிகாரத்தால் இன்னொரு சிக்கலும் எழுந்தது. கடிகாரக் குறுக்கீடு வினாடிக்கு அறுபது முறை வரும். ஒவ்வொரு முறையும் நேரத்தை ஒன்று கூட்டுவது அவசரம். ஆனால் “இத்தனை துடிப்புக்குப் பின் இதைச் செய்” என்று பதிந்து வைத்த வேலைகள் அவ்வளவு அவசரமில்லை. ஆறாம் பதிப்பின் கடிகார நிரல், தான் குறுக்கிட்டபோது பிராசசர் எந்தப் படியில் நின்றது என்று பார்க்கும். பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் அந்த வேலைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடும். ஒரே குறுக்கீட்டுக்குள் அவசரமான பாதி, ஆறப்போடக்கூடிய பாதி. இந்தப் பிரிவை வன்பொருளே அங்கீகரித்தது அதே நிறுவனத்தின் அடுத்த இயந்திரத்தில்.

1977-இல் வந்த வாக்ஸ்-11/780-இல் படிகள் எட்டிலிருந்து முப்பத்திரண்டாயின. மேல் பாதி, 16 முதல் 31 வரை, வன்பொருளுக்கு. கீழ்ப் பாதி மென்பொருளுக்கு: கெர்னல் தனக்குத்தானே ஒரு குறுக்கீட்டைப் பதிந்துகொள்ளலாம், மேலே எல்லாம் ஓய்ந்ததும் அது வந்து எழுப்பும். கருவிகள் 20 முதல் 23 வரை. மின்சாரம் போகப்போகிறது என்ற எச்சரிக்கைக்கு 30. காத்திருந்தால் கெட்டுப்போவதில் அதைவிடப் பெரியது எது? வாக்ஸின் விஎம்எஸ் இயங்குதளத்தில் டிஸ்கை இயக்கும் நிரலான டிரைவர், டிஸ்க் கூப்பிட்டதும் உயர் படியில் நாலு ரெஜிஸ்டர்களைப் படித்துவிட்டு, மீதி வேலைக்கு எட்டாம் படி அளவுக்கு இறங்கி வந்துவிடும். அந்த இயங்குதளத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் டேவ் கட்லர்.

இதற்கிடையில், வேறொரு தெருவில், ஐபிஎம் பிசி பிறந்தது (1981). அதில் இருந்தது இன்டெலின் 8259 என்ற எட்டுக் கம்பி சிப். 0 மேலே, 7 கீழே. கடிகாரம் 0, விசைப்பலகை 1, சீரியல் போர்ட் 4, ஃபிளாப்பி 6. வரிசை சுமாராக நியாயமாகவே இருந்தது. 1984-இல் பிசி/ஏடி வந்தபோது எட்டுக் கம்பி போதவில்லை. இரண்டாவது 8259-ஐ முதல் சிப்பின் 2-ஆம் கம்பியில் கட்டிவிட்டார்கள். விளைவு, 8 முதல் 15 வரையிலான புதுக் கம்பிகள் வரிசையில் 1-க்கும் 3-க்கும் நடுவில் போய் உட்கார்ந்தன. ஹார்டு டிஸ்க் 14-ஆம் கம்பிக்கு மாறியது. ஆக அது சீரியல் போர்ட்டை முந்திக்கொண்டது. அன்றைய சீரியல் சிப் ஒரே ஒரு எழுத்தைத்தான் பிடித்து வைத்திருக்கும். வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் அடுத்த எழுத்து ஒரு மில்லிவினாடியில் வந்து முன்னதை அழித்துவிடும். டிஸ்க்கோ தன் இடையகத்தில் தரவை வைத்துக்கொண்டு சாவகாசமாக நிற்கக்கூடியது. காத்திருக்கக் கூடியது மேலே, முடியாதது கீழே! யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவல்ல இது. காலியாக இருந்த கம்பியில் கட்டியதால் வந்த வரிசை. மோடத்தில் எழுத்துகள் தொலைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் இதுவும் சேர்ந்துகொண்டது. பிற்பாடு பதினாறு எழுத்தைப் பிடிக்கும் 16550 சிப் வந்துதான் மூச்சுவிட இடம் கிடைத்தது.

1988-இல் கட்லர் டிஜிட்டலை விட்டு மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 1993-இல் விண்டோஸ் என்டி வெளிவந்தது. வாக்ஸின் முப்பத்திரண்டு படிகள் ஐஆர்க்யூஎல் என்ற பெயரில் கூடவே வந்திருந்தன: சாதாரண நிரல்கள் 0, எந்த நிரல் அடுத்து ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் 2, கருவிகள் 3 முதல், மின் எச்சரிக்கை 30. ஆம், அதே 30. ஆனால் கீழே இருந்த பிசியின் சிப்புக்கோ பயன்படும் கம்பிகள் பதினைந்துதான், அந்த சிப்போடு பேசுவதோ ஆமை வேகம். படி மாறும்போதெல்லாம் அதனிடம் சொல்லாமல், தன் குறிப்பேட்டில் மட்டும் படியை எழுதிக்கொண்டு, உண்மையிலேயே ஒரு குறுக்கீடு வந்து கதவைத் தட்டினால்தான் சிப்பிடம் சொல்லும் சோம்பேறி முறையை என்டி கையாண்டது. பெரும்பாலான நேரம் தட்டுவதற்கு யாரும் வருவதில்லை என்பதால் சோம்பல் லாபமாக முடிந்தது.

இந்தப் படிகளின் ஏணி சாதாரண மக்களின் கண்ணில் பட்டது விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத் திரையில்தான். “ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல்” என்ற வரியைப் பார்த்து நினைவகச் சில்லைக் கழற்றித் துடைத்துச் செருகியவர்கள் ஏராளம். பெரும்பாலும் நடந்திருப்பது இது: ஒரு டிரைவர் இரண்டாம் படியிலோ அதற்கு மேலோ நின்றுகொண்டு, நினைவகத்தில் இல்லாமல் டிஸ்கில் இறக்கி வைக்கப்பட்ட ஒரு பக்கத்தைத் தொட்டுவிட்டது. அதைக் கொண்டுவர டிஸ்கைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதென்றால் ஷெட்யூலர் வேறொரு நிரலை ஓட்ட வேண்டும். ஷெட்யூலர் இருப்பதோ இரண்டாம் படியில். அதே படியில் டிரைவர் நிற்கும்வரை அதன் முறை வராது. இனி நகர வழியே இல்லை என்பதால் கெர்னல் தானே நின்றுவிடுகிறது. காத்திருக்க முடியாதவர்களுக்கான ஏணியில் நின்றுகொண்டு காத்திருக்கப் பார்த்தால் வேறென்ன நடக்கும்?

எஸ்பிஎல் என்னும் பூட்டு உடைந்தது ஒரே பெட்டிக்குள் இரண்டு பிராசசர்கள் வந்தபோது. ஒரு பிராசசர் தன் படியை ஆறுக்கு ஏற்றிக்கொண்டால் அதன் காதுகள்தான் மூடும். அடுத்த பிராசசர் பூஜ்ஜியத்தில் நின்றபடி அதே பட்டியலைக் கலைத்துப்போடும். படியோடு கூட உண்மையான பூட்டுகளும் தேவைப்பட்டன. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் பெரும்பாலான குறுக்கீடுகளை, ஷெட்யூலர் ஓட்டும் நூல்களாகவே (திரெட்) ஓட்டியது. 2003-இல் ஃப்ரீபிஎஸ்டி 5 எஸ்பிஎல்களைக் கழற்றத் தொடங்கியது. லினக்ஸுக்கு அந்தத் தொல்லையே இல்லை; அது முதலிலிருந்தே படிகளை ஏற்கவில்லை. குறுக்கீடு திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், அவ்வளவுதான். 2010 முதல் அதன் குறுக்கீட்டு நிரல்கள் எல்லாமே மற்ற குறுக்கீடுகளை மூடிவைத்துத்தான் ஓடுகின்றன: சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பு, மீதியைப் பிறகு செய். 2024-இல் வந்த 6.12 பதிப்பில், இருபது ஆண்டுகளாக வெளியே வளர்ந்த நிகழ்நேரப் பகுதி மூல லினக்ஸில் முழுமையாகச் சேர்ந்தது. அந்த முறையில் குறுக்கீடுகள் நூல்களாக ஓடுகின்றன. சொல்லாமல் விட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே முன்னுரிமை, 50. யாரை உயர்த்துவது என்பதை இயந்திரத்தின் சொந்தக்காரரே முடிவு செய்துகொள்ளலாம். என்னைக் கேட்டால், ஏணியைக் கைவிட்டதைவிட அந்த முடிவை அவரிடமே விட்டதுதான் பெரிய மாற்றம்.

இந்த ஏணியின் அடிப்படை நியாயத்துக்கே சோதனை வந்தது வலையமைப்பிலிருந்து. 1996-இல் ஜெஃப்ரி மோகல், கே. கே. ராமகிருஷ்ணன் இருவரும் ஒரு கட்டுரையில் அதை விளக்கினார்கள். வந்து சேரும் தரவுப் பொட்டலத்தை உடனே எடுக்காவிட்டால் தொலைந்துவிடும். ஆகவே அதற்கு உயர் படி. பொட்டலங்கள் மழைபோல் கொட்டினால்? எடுப்பதிலேயே பிராசசரின் முழு நேரமும் போய்விடும். எடுத்ததை அனுப்ப நேரமே இராது. எடுத்தவையும் கடைசியில் கொட்டப்படும். கணினி மும்முரமாக ஓடிக்கொண்டே ஒன்றும் செய்யாமல் இருக்கும். அவர்கள் சொன்ன தீர்வு, முதல் குறுக்கீடு வந்ததும் அந்தக் கருவியின் வாயை மூடிவிட்டு, “இருக்கிறதா, இருக்கிறதா” என்று கெர்னலே போய்க் கேட்பது. எதிலிருந்து தப்பிக்கக் குறுக்கீடு கண்டுபிடிக்கப்பட்டதோ, அதுவே! இன்று லினக்ஸின் வலையமைப்பு டிரைவர்கள் சுமை ஏறும்போது இப்படித்தான் வேலை செய்கின்றன.

எண்ணிட்ட படிகள் பழைய வீரியத்தோடு இன்று வாழ்வது சின்ன சிப்புகளில்: மின்சார மீட்டரிலும் டிரோனிலும் இருக்கும் ஆர்ம் கோர்டெக்ஸ்-எம் வகையில். அங்கே ஒரே பிராசசர், தெரிந்த சில கருவிகள். யாரால் காத்திருக்க முடியாது என்று உட்கார்ந்து கணக்குப் போட முடிகிறது. ஆனால் பிடிபி-11 வழக்கத்துக்கு நேர்மாறாக, அங்கே 0 தான் உச்சி; எண் கூடக் கூட முன்னுரிமை குறையும். நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டால் குறுக்கீடு 0-இல், அதாவது உச்சியில், இருக்கும். அந்த நிலையிலிருந்து ஃப்ரீஆர்டிஓஎஸ் போன்ற கெர்னலின் சேவையைக் கூப்பிட்டால், கெர்னல் தன் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே நீங்கள் உள்ளே புகுந்து கலைத்துவிடுவீர்கள். தப்பு எப்போதாவதுதான் வரும், மறுபடி ஓட்டினால் வராது. ஆகவே அந்த சிப்பில் நிரல் எழுதுபவர்கள் டிரைவரின் முதல் வரியை எழுதும் முன்னே ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் முன்னுரிமை எண்ணைக் கைப்பட எழுதி வையுங்கள்; கெர்னலின் சேவையைக் கூப்பிடும் குறுக்கீடு எதையும் கெர்னல் குறித்த எல்லைக்குக் கீழான எண்ணில் விட்டுவிடாதீர்கள்.